துருவின் மேல் பெயிண்ட் அடித்தால் காசுதான் கரையும்



பழவேற்காடு பஜாரிலும், ஏரிக்கு அப்பால் கடலோரம் உள்ள லைட்ஹவுஸ் குப்பம், அரங்கங்குப்பம், கூனங்குப்பம் போன்ற ஊர்களிலும் மளிகைக் கடை வைத்திருக்கும் நம்மவர்களுக்கு ஒரு தொல்லை பொதுவாக உண்டு. பொங்கலுக்கு அடித்த ஷட்டர் பெயிண்ட் ஆடி மாதத்திற்குள் கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிடுகிறது. அடுத்த பொங்கலுக்குள் கீழ்ப்பட்டை ஓட்டை விழுந்து எலி நுழைய வழியாகிவிடுகிறது. பெயிண்ட் கம்பெனியைக் குறை சொல்லிக் கொண்டு வேறு டப்பா வாங்குகிறோம். குற்றம் பெரும்பாலும் டப்பாவில் இல்லை. டப்பாவைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவதில்தான் இருக்கிறது.

துரு எப்படி உண்டாகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இரும்பும் ஈரமும் காற்றும் சேர்ந்தால் துரு. அதில் உப்பும் சேர்ந்தால் வேலை பல மடங்கு வேகமாக நடக்கும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியும். திறந்து வைத்த உப்பு மூட்டையில் இதை நாம் தினமும் பார்க்கிறோம். கடற்காற்று கொண்டுவந்து ஷட்டரில் படியவைக்கும் உப்பும் அப்படித்தான் இரவெல்லாம் கசிந்து கிடக்கும். மழையே பெய்யாவிட்டாலும் இரும்பு நனைந்தபடியே இருக்கும். மேலும், துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும் பொருள். பெயிண்டுக்கு அடியில் துரு வளர்ந்தால் அது பெயிண்டை மேலே தள்ளும். கொப்புளம் எழும்புவது இதனால்தான்.

எனவே உப்பை எடுக்காமல் எத்தனை கோட்டிங் அடித்தாலும் பயனில்லை. பெயின்டர்கள் தேய்க்கும் தாளுக்கு உப்புத்தாள் என்று பெயர். ஆனால் உப்புத்தாள் துருவைத்தான் எடுக்கும், உப்பை எடுக்காது. உப்பைத் தண்ணீர்தான் கரைத்து எடுக்கும். அதுவும் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். ஏரித் தண்ணீரிலோ, வாயில் வைத்தால் கரிக்கும் போர் தண்ணீரிலோ கழுவினால் உப்பின் மேல் உப்பு ஏற்றியதாகும். குடிக்க வாங்கும் கேன் தண்ணீரில் இரண்டு மூன்று கேன் இதற்குச் செலவிடலாம். இரும்பின் விலையோடு பார்த்தால் அது ஒன்றும் பெரிதல்ல.

இனி முறையைக் கூறுவோம்.

முதலில் காலம். பொங்கலுக்கு முன் வண்ணம் பூசுவது நம் வழக்கம். ஆனால் மார்கழிப் பனியில் இரும்பு காலை வெகு நேரம் வரை ஈரமாக இருக்கும். பங்குனி, சித்திரை மாதங்களே இந்த வேலைக்கு ஏற்றவை. மே 5 வணிகர் தினத்தன்று மாநாட்டுக்குப் போகாதவர்கள் அந்த விடுமுறையை இதற்குப் பயன்படுத்தலாம்!

இரண்டாவது, கடைச் சரக்கு. பழைய பெயிண்டைச் சுரண்டுவதற்கு முன் அரிசி, பருப்பு, சர்க்கரை மூட்டைகளைக் கடையின் உட்பக்கம் தள்ளித் தார்ப்பாயால் மூட வேண்டும். மளிகைக்காரர்கள் இதில் அலட்சியம் காட்டக் கூடாது. முற்காலத்து சிவப்பு ஈயப் பிரைமரிலும், பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு எனாமல்களிலும் ஈயம் இருந்தது. வீட்டு உபயோகப் பெயிண்டில் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2016-ல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயிண்ட் பல ஷட்டர்களில் அடுக்கடுக்காக இருக்கிறது. ஈயத்தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். நம் கடைக்கு மிட்டாய் வாங்க வருவது குழந்தைகள்தானே! ஆகவே உலர்ந்தபடி சுரண்டாமல், தண்ணீர் தெளித்து ஈரமாகவே சுரண்டுங்கள். மூக்கில் சாதாரணத் துணி போதாது, தூசுக்கென்று விற்கும் நல்ல முகமூடி தேவை. உதிர்ந்ததை விளக்குமாற்றால் பெருக்காமல் ஈரத்துணியால் வழித்தெடுத்துப் பையில் கட்டுங்கள். அதை ஏரியில் கொட்ட வேண்டாம். இறாலும் நண்டும் நம் ஊர்ப் பிழைப்பு.

மூன்றாவது, சுரண்டல். எழும்பிய பெயிண்டைத் தகட்டாலும், துருவைக் கம்பி பிரஷ்ஷாலும் எடுத்து, பிறகு தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் வாட்டர் பேப்பர் போடவும். துருவைத் தேய்த்து மினுக்கினால் போதாது, உதிரும் துரு முழுவதும் போக வேண்டும். நன்றாகப் பிடித்திருக்கும் பழைய பெயிண்டை விட்டுவிடலாம்.

நான்காவது, கழுவுதல். நல்ல தண்ணீரால் மேலிருந்து கீழாக இரண்டு முறை கழுவி, துணியால் துடைத்து, வெயிலில் காயவிடுங்கள். பட்டைகளின் மடிப்புகளில்தான் உப்பு ஒளிந்திருக்கும்.

ஐந்தாவது, பிரைமர். காய்ந்த அன்றே, பொழுது சாய்வதற்குள், உலோகத்துக்கான துருத்தடுப்புப் பிரைமர் அடித்துவிட வேண்டும். சுத்தம் செய்த இரும்பை ஓர் இரவு கடற்காற்றில் விட்டால் காலையில் மஞ்சள் பூத்துவிடும். எட்டுக்கு எட்டு அடி ஷட்டர் ஒரு பக்கம் 64 சதுர அடி. வளைவுகளையும் கணக்கிட்டால் இன்னும் கூடும். ஒரு லிட்டர் சுமார் 100 சதுர அடிக்கு வரும் என்று வைத்துக்கொண்டு, இரு பக்கத்துக்கும் சேர்த்து வாங்குங்கள். உட்பக்கத்தை விட்டுவிட்டால் துரு அங்கிருந்து தொடங்கும். நாகத் தகட்டு ஷட்டராக இருந்தால் கடைக்காரரிடம் சொல்லி அதற்கென உள்ள பிரைமரைக் கேட்டு வாங்கவும். நாகத்தின் மேல் சாதாரண எனாமல் நேராகப் பூசினால் உரிந்துவிடும்.

ஆறாவது, எனாமல். தடிப்பாக ஒன்று அடிப்பதைவிட மெல்லியதாக இரண்டு அடிப்பது நலம். இடையில் ஒரு நாள் காயட்டும். இளக்குவதற்கு மண்ணெண்ணெய் கலக்க விடாதீர்கள். டப்பாவில் குறித்த திரவத்தையே கலக்கச் சொல்லுங்கள். ஓரங்களிலும் கீழ்ப்பட்டையிலும் கூடுதலாக ஒரு பூச்சு தேவை. இருபுறத்துக் காடிகளின் உட்பக்கம் பெயிண்ட் வேண்டாம், கிரீஸ் போதும். மேலே உள்ள ஸ்பிரிங்கில் நாமாகக் கை வைப்பது ஆபத்து. அது ஷட்டர் மெக்கானிக்கின் வேலை.

இரும்பு எடைக்கல்லுக்கு மட்டும் இந்த முறை பொருந்தாது. அதைச் சுரண்டினால் எடை குறையும், பெயிண்ட் அடித்தால் கூடும். துருப்பிடித்த கல்லை உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துச் சரிசெய்து, தொழிலாளர் துறையின் முத்திரை மறுபடி பெற்ற பிறகே கடையில் வைக்க வேண்டும்.

உப்புக்காற்றோடு போராடுவது நாம் மட்டுமல்ல. 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் நூறாண்டுக்கு மேல் கடலில் நின்றதற்கு, ஓயாமல் துரு சுரண்டி வண்ணம் பூசி வந்தது ஒரு முக்கிய காரணம். 2025-ல் திறந்த புதிய பாலத்துக்கு உப்பைத் தாங்கும் பாலிசிலாக்சேன் பூச்சு கொடுத்திருக்கிறார்கள். இரும்பு அரிப்பை ஆராயும் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம், வள்ளல் அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்சம் ரூபாயிலும் உருவாகி 1953-ல் திறக்கப்பட்டது என்பது வணிகர்களாகிய நமக்குப் பெருமை.

பெயிண்ட் அடித்த பிறகும் வேலை முடிவதில்லை. மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஷட்டரைத் துடைத்துவிட வேண்டும். உப்பு மூட்டையையும் கருவாட்டுக் கூடையையும் ஷட்டரை ஒட்டி வைக்காமல் மரப்பலகையின் மேல் தள்ளி வையுங்கள். சிறு கீறல் விழுந்தால் அன்றே தேய்த்துப் பிரைமர் தொட்டுவிடுங்கள். கடனை வளரவிட்டால் வட்டி முதலை விழுங்குவதுபோல, துருவை வளரவிட்டால் அது ஷட்டரையே விழுங்கிவிடும்.