சீதை ஏன் முகத்தை மூடிக்கொண்டாள்? (தொடர் – 9)

ரவி வர்மாவின் ‘ஜடாயு வதம்’ ஓவியத்தில் சண்டை ஏறக்குறைய முடிந்துவிட்டது. வெட்டுண்ட சிறகு உடலைவிட்டுப் பிரிந்திருக்கிறது. பறவையின் அலகு திறந்தபடி இருக்கிறது. ராவணன் கையில் வாள். அவன் மறுகைப் பிடியில் சீதை, கையால் முகத்தை மறைத்துக்கொண்டிருக்கிறாள்.

ராவணனுக்கு இங்கே ஒரே தலை, இரண்டே கை. எடையும் தசையும் உள்ள ஓர் ஆள் அந்தரத்தில் நிற்கிறான் என்று நம்பவைக்க, பத்துத் தலை உதவாது. தேரைக் காணோம், வால்மீகி சொன்னபடி ஜடாயு அதை முன்பே நொறுக்கிவிட்டான். கம்பனில் ஊறியவர்களுக்கு உறுத்துவது அந்தப் பிடிதான். கம்பனின் ராவணன் சீதையைத் தீண்டாமல் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுக்கிறான். பக்திக்கு அது பொருந்தும், தூரிகைக்குச் சிரமம். மூன்று உடல்களையும் ஒரே முடிச்சாகப் பின்ன, ரவி வர்மாவுக்கு வால்மீகிதான் கைகொடுத்தார்.

முகம் மறைக்கும் உத்திக்கு வயது அதிகம். கப்பற்படைக்குக் காற்று வேண்டி அகமெம்னான் தன் மகள் இபிஜெனியாவைப் பலியிட ஒப்புக்கொண்ட கிரேக்கக் கதையைத் திமாந்தெஸ் என்ற ஓவியர் வரைந்தார். சுற்றி நின்றவர்களின் முகங்களில் துயரத்தைப் படிப்படியாக ஏற்றியவர், தகப்பன் முகத்தைத் துணியால் மூடிவிட்டார். அந்த ஓவியம் அழிந்துவிட்டது. 79-ஆம் ஆண்டு எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேயி நகரின் சுவரோவியம் ஒன்றில் அதே காட்சி பிழைத்திருக்கிறது: மகளை இருவர் தூக்கி வருகிறார்கள், தகப்பன் முக்காடிட்டுத் திரும்பி நிற்கிறான். அந்தத் துயரத்தைத் தீட்ட முடியாமல்தான் திமாந்தெஸ் மூடினார் என்றார்கள் பழைய ரோமானியர்கள். அழுகையில் கோணிய முகம் அழகைக் கெடுக்கும் என்பதால் மூடினார் என்று 1766-இல் வாதிட்டார் ஜெர்மானியரான லெஸ்ஸிங்.

இரண்டு விளக்கமும் சீதைக்கு முழுதாகப் பொருந்தவில்லை. அகமெம்னான் பலிக்குச் சம்மதித்தவன். முக்காட்டுக்குள் குற்ற உணர்வும் உண்டு. சீதை செய்த குற்றம் ஏதுமில்லை. தன்னைக் காக்க வந்த கிழப்பறவை வெட்டுப்படுவதை அவளால் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். அவள் பார்க்காததால் ஜடாயுவின் சாவுக்குச் சாட்சி, படத்துக்கு வெளியே நிற்பவர்கள் மட்டுமே. வேதனையைக் காட்டும் பொறுப்பும் பறவையின் திறந்த அலகுக்கு வந்துவிடுகிறது.

கடைசிக் காலத்தில் மைசூர் அரண்மனைக்குப் புராணப் படங்கள் வரைந்த ரவி வர்மா 1906-இல் காலமானார். 1894-இல் மும்பையில் அவர் தொடங்கிய அச்சகமோ அதற்குள் ஜடாயுவை வீட்டுச் சுவர்களுக்குக் கொண்டுபோகும் வழியைத் திறந்திருந்தது. அவர் பெயரில் பெங்களூரில் இயங்கும் பாரம்பரிய அறக்கட்டளை ஓவியங்களோடு இந்த அச்சுப் படங்களையும் ஆவணப்படுத்திவருகிறது. நிறத்துக்கு ஒரு கல் என்று அச்சடித்தபோது எண்ணெய் வண்ணத்தின் மென்நிழல்கள் தேய்ந்தன, முகபாவங்கள் தட்டையாயின. மூடிய முகத்தில் கெடுவதற்கு ஏதுமில்லை.