திரும்பி வரும் இரைப்பைக் கிருமி

வயிற்றுப்புண் கவலையாலும் காரத்தாலும் வருவது என்றே நெடுங்காலம் எண்ணி வந்தனர். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்னும் மருத்துவர் இருவர், இரைப்பையில் வாழும் சுருள் வடிவக் கிருமி ஒன்றை 1982ஆம் ஆண்டில் பிரித்தெடுத்து வளர்த்தனர். வயிற்றுப்புண்ணுக்கு அதுவே பெருங்காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 2005இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர். ஹெலிகோபாக்டர் பைலோரி என்பது அக்கிருமியின் பெயர். யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவை உண்டாக்கித் தன்னைச் சூழ்ந்த அமிலத்தின் வேகத்தை அது தணித்துக்கொள்கிறது. ஆகவேதான் இரைப்பையிலும் பிழைத்திருக்கிறது.

இதனை ஒழிக்க மருந்து உண்டு. அமிலச் சுரப்பைக் குறைக்கும் மருந்தோடு, கிருமிகளைக் கொல்லும் மருந்துகள் இரண்டு மூன்றைச் சேர்த்துப் பெரும்பாலும் 14 நாள் உண்ண வேண்டும். ஆயினும், கிருமி நீங்கியது என்று சோதனையில் கண்ட பின்னரும் சிலரிடம் அது மீண்டும் தோன்றுகிறது. ஏன்?

வகுப்பிலே ஒருவன் திடீரென வந்து அமர்ந்திருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் நெடுநாள் வராதிருந்த பழைய மாணவனா, புதிதாய்ச் சேர்ந்தவனா? பதிவேட்டைப் புரட்டினால் தெரிந்துவிடும். கிருமிக்குப் பதிவேடு அதன் மரபணு. முன்பு கண்டதும் பின்பு கண்டதும் வேறுபட்டால், புதுக் கிருமி வெளியிலிருந்து வந்தது எனலாம். ஒத்திருந்தால், பழையதே அழியாமல் பதுங்கியிருந்தது என்று கொள்வர். ஆனால் ஒரே வீட்டார் பலரிடம் ஒரே வகைக் கிருமி குடியிருப்பதும் உண்டு. அப்போது பதிவேடும் நம்மை ஏமாற்றிவிடும்!

செல்வ நாடுகளில் இவ்வாறு மீள்வது ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு மூன்று பேரிடமே பெரும்பாலும் காணப்படுகிறது. சிலி, கொலம்பியா, கோஸ்டாரிகா, ஹோண்டுராஸ், நிகராகுவா, மெக்சிகோ ஆகிய நாடுகளில் நிகழ்ந்த ஆய்வொன்று 2013இல் வெளியாயிற்று. கிருமி நீங்கிய 1091 பேரில் 125 பேரிடம் ஓராண்டிற்குள் அது மீண்டிருந்தது. அஃதாவது நூற்றுக்குப் பதினொருவருக்கும் மேல். மருந்தை ஒழுங்காக உண்ணாதவரிடமும், குழந்தைகள் உள்ள வீட்டாரிடமும் மீட்சி மிகுதியாயிருந்தது. ஊருக்கு ஊர் வேறுபாடும் இருந்தது.

இம்மூன்றுமே எண்ணத்தக்கவை. இம்மருந்துகள் வாயில் கசப்பையும் குமட்டலையும் உண்டாக்குவன. வலி தணிந்ததும், நாட்கூலிக்குச் செல்பவர் ஐந்தாம் நாளே நிறுத்திவிட்டால் அவரைச் சோம்பேறி என்பது அறியாமை என்பேன். எஞ்சிய கிருமிகளோ மருந்துக்கு அடங்காதனவாக மாறக்கூடும். குழந்தைகள் செய்தி இன்னும் நுட்பமானது. இக்கிருமி பெரும்பாலும் இளமையிலேயே, வாய்வழியாகவும் மலத்தால் மாசுற்ற கைகளாலும் பொருள்களாலும், வீட்டிற்குள்ளேயே பரவுகிறது. ஓர் அறையில் எழுவர் உறங்கி, கை கழுவும் நீருக்கும் தெருக்குழாயில் காத்து நிற்கும் குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் மருந்தளித்தால், மற்றவர் வயிற்றிலுள்ள கிருமி அங்கேயே இருக்கிறது.

இதனாலேயே சீன மருத்துவ வல்லுநர், வீட்டிலுள்ள பெரியவர் அனைவரையும் சோதித்து, கிருமி உள்ளவர்க்கெல்லாம் மருந்தளிக்கும் குடும்ப முறையை 2021இல் பரிந்துரைத்தனர். சோதனையும் எளிது; ஒரு கரைசலைப் பருகிவிட்டு மூச்சை ஊதினால் போதும். மருந்து முடிந்து நான்கு வாரமேனும் சென்ற பின்னரே ஊத வேண்டும். முன்னரே ஊதினால், அடங்கிக் கிடக்கும் கிருமி அகப்படாமற் போகும்.