நண்டு என்ன செய்யும்?

குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டார்கள்! வழக்கறிஞரை அமர்த்த வசதியில்லாத குற்றவாளி. வாய்திறந்து ஒரு வார்த்தை மறுத்துப் பேசாத குற்றவாளி. கால்கள் எட்டு, கொடுக்குகள் இரண்டு. ஆம், நண்டு!

கட்டுக்கதை அல்ல. மராட்டிய மாநிலத்தில், இரத்தினகிரி மாவட்டத்தில், சிப்ளூண் வட்டத்தில், திவரே என்று ஓர் ஊர். ஊருக்கு மேலே மண்ணால் கட்டிய அணை. அது தேக்கிய நீர் ஒரு டி.எம்.சி.யில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பெரிய அணைகளின் வரிசையிலே வைத்தால் பேர் சொல்ல இடமிராது. 2019 ஜூலை 2ஆம் நாள் இரவு, கொட்டும் மழையில் அந்த அணை உடைந்தது. கரைக்குக் கீழிருந்த குடியிருப்பை வெள்ளம் வாரிச் சுருட்டிக்கொண்டு போயிற்று. உண்டு முடித்து உறங்கப் போனவர்கள் விடியலைக் காணவில்லை. மாண்டவர் தொகை இருபதை ஒட்டி நின்றது.

அணை கசிகிறது என்று அந்த ஊரார் முன்பே முறையிட்டிருந்தார்கள். கண்ணால் கண்டதைச் சொன்னார்கள். கரையிலே வாழ்கிறவர்கள் சொன்னார்கள். காது கொடுத்தவர் யார்?

கொடுமை நடந்து இரண்டு நாள் கழியவில்லை. மாநில நீர்ப் பாதுகாப்பு அமைச்சர் தானாஜி சாவந்த் செய்தியாளரிடம் காரணம் சொன்னார். அணையிலே நண்டுகள் பெருகினவாம், அதனாலே கசிவு ஏற்பட்டதாம்! நாடு நகைத்தது. எதிர்க்கட்சியினர் நண்டுகளைப் பிடித்துக் காவல் நிலையத்துக்கே கொண்டுபோய், இவற்றைச் சிறைப்படுத்துங்கள் என்றார்கள். நண்டு கொழுத்தால் வளையில் இராது என்பது நம் பாட்டிமார் சொன்ன பழமொழி. பதவி கொழுத்தால் நாக்கும் வாயில் இராது போலும்!

நாம் நகைத்துவிட்டு நகர்ந்துவிடப் போவதில்லை. அமைச்சர் சொன்னதிலே ஒரு துளி உண்மை இருக்கிறது. அந்தத் துளிதான் அவரைக் குற்றக் கூண்டிலே ஏற்றுகிறது. மண் கரையை நண்டு துளைக்கும்; எலி துளைக்கும்; கரையிலே வேர்விட்ட மரம், பட்டுப்போன பின்னும் வேர் மக்கிய வழியைத் திறந்து வைக்கும். வயல் வரப்பிலே நண்டு வளையைக் கண்டால் நம் உழவன் என்ன செய்கிறான்? மண்ணைக் குழைத்து மிதித்து அடைக்கிறான். படிக்காத உழவன் தன் வரப்புக்குச் செய்வதை, பட்டம் பெற்ற பொறியாளர்களைக் கொண்ட துறை தன் அணைக்குச் செய்யவில்லை என்றால், குற்றவாளி நண்டா?

மண்ணணை ஒரே நொடியில் சாவதில்லை. சாகும் முன் சாடை காட்டும். கரையின் அடிவாரத்திலே ஈரம் தட்டும். மதகுக் குழாயை ஒட்டி நீர் ஊறும். ஊறுகிற நீர் தெளிவாக இருக்கும்வரை கண்காணித்தால் போதும். கலங்கி வந்தால் கதை வேறு! கலங்கல் நீர் என்றால், கரையின் உள்ளிருக்கும் மண்ணை அது அரித்து எடுத்துக்கொண்டு வருகிறது என்று பொருள். உள்ளே ஒரு குழாய்போல் வழி உண்டாகிறது. நாளுக்கு நாள், கடைசியில் மணிக்கு மணி, அகலமாகிறது. மேலே புல் பச்சையாக இருக்கும்; உள்ளே கரை உளுத்திருக்கும். இன்னொரு சாவும் உண்டு. மிகுநீர் போகவேண்டிய கலங்கல் தூர்ந்து கிடந்தாலோ, இன்னும் கொஞ்சம் தேக்கலாம் என்று அதன்மேல் மண் மூட்டைகளை அடுக்கி வைத்தாலோ, பெருமழை நாளில் நீர் கரையின் தலைக்குமேல் வழியும். கல்லணை அதைத் தாங்கினாலும் தாங்கும். மண்ணணை தாங்காது. இவற்றைக் கண்டறிய விண்கலம் வேண்டாம். கண்ணுள்ள ஒருவன், கையிலே ஒரு தடி, கணக்கெழுத ஒரு நோட்டு! கேட்டது பொன்னும் அல்ல, பொருளும் அல்ல.

வாய்பேசாததின்மேல் பழிபோடும் வழக்கம் மராட்டியத்திலே பிறந்ததல்ல. அதற்குச் சீமையிலே தாத்தா இருக்கிறார்.

இங்கிலாந்தில் கத்திக்கும் எஃகுக்கும் பேர்போன செஃபீல்டு நகரம். அங்கே தண்ணீர் விற்கும் கம்பெனி ஒன்று, மேலேயுள்ள பள்ளத்தாக்கில் டேல் டைக் என்ற மண்ணணையைக் கட்டியது. நடுவிலே களிமண் சுவர், 95 அடி உயரம், திவரேயைவிடப் பெரிது. 1864 மார்ச் 11, வெள்ளிக்கிழமை. தேக்கம் முதன்முறையாக நிரம்பிக்கொண்டிருந்த வேளை. மாலையில் வீடு திரும்பிய ஒரு தொழிலாளி கரையிலே ஒரு விரிசலைப் பார்த்தான். பேனாக்கத்தி நுழையுமளவு விரிசல்! அவன் பார்த்தான், பதறினான், சொன்னான். பொறியாளர் ஜான் கன்சன் நகரிலிருந்து புயலிலே வந்து சேர இரவு பத்து மணியாயிற்று. வெடிமருந்து வைத்து வழிவாயைத் தகர்த்து நீரை வடிக்க முயன்றார்கள், பலிக்கவில்லை. நள்ளிரவை நெருங்கும்போது கரை போயிற்று. ஏறத்தாழ 240 பேர் மாண்டனர்.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். கம்பெனியின் பக்கம் நின்ற புகழ்பெற்ற பொறியாளர் ஐவர், கட்டுமானத்திலே குறையில்லை, அடியிலிருந்த நிலம் நழுவியது என்றார்கள். அங்கே நிலம், இங்கே நண்டு! இரண்டும் சாட்சிக் கூண்டேறி மறுத்துப் பேசமாட்டா. ஆனால் மரண விசாரணையில் அமர்ந்த சான்றாளர் குழு அந்தச் சாக்கை ஏற்கவில்லை. இவ்வளவு பெரிய வேலைக்குத் தேவையான திறமையும் கவனமும் காட்டப்படவில்லை என்று தீர்ப்புரைத்தது; இத்தகைய அணைகளை அடிக்கடி ஒழுங்காகச் சோதிக்கச் சட்டம் வேண்டும் என்றும் கேட்டது.

சட்டம் வந்தது. நட்ட ஈட்டுச் செலவைச் சரிக்கட்ட, தண்ணீர்க் கட்டணத்தை 25 விழுக்காடு ஏற்றிக்கொள்ளக் கம்பெனிக்கு அனுமதி தந்த சட்டம் வந்தது! பிள்ளையைப் பறிகொடுத்தவனும் குடிநீருக்குக் கூடுதல் காசு கொடுத்தான். ஏழையின் பிணத்துக்கு ஏழையே வரி கட்டினான்.

குழு கேட்ட சோதனைச் சட்டம்? அதற்கு இன்னும் பிணங்கள் போதவில்லை. 1925 ஏப்ரலில் ஸ்காட்லாந்தில் ஸ்கெல்மார்லி என்ற கடலோரச் சிற்றூரின் மேலே, யாரும் பொருட்படுத்தாத ஒரு சிறு தேக்கம் உடைந்து 5 உயிர்கள் போயின. அதே ஆண்டு நவம்பரில் வேல்சு நாட்டின் டால்காரோக்கில் 16 பேர். அன்று மாலை ஊராரில் பலர் திரைப்படம் பார்க்கப் போயிருந்ததால்தான் அந்த எண்ணிக்கையோடு நின்றது. அதன் பிறகு, 1930இல், சட்டம் பிறந்தது. 1864க்கும் 1930க்கும் இடையே 66 ஆண்டுகள்!

நம் நாட்டிலோ? திவரே உடைந்து ஒரு மாதம் கழித்து, 2019 ஆகஸ்டில், அணைப் பாதுகாப்பு மசோதா மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவை அதைத் தொட 2021 டிசம்பர் ஆயிற்று. அந்தச் சட்டத்தின்மேல் தமிழ்நாட்டுக்குள்ள மனத்தாங்கல் தனிக்கதை. கேரளத்து எல்லைக்குள் நின்று நமக்கு நீர்தரும் முல்லைப் பெரியாறு, பரம்பிக்குளம் அணைகளின் உரிமை பற்றியது. அதை இங்கே விரிக்கவில்லை. இங்கே நாம் காட்டுவது வேறொரு ஓட்டை. 15 மீட்டருக்கு மேற்பட்ட அணை சட்டத்துக்குள் வரும். 10 முதல் 15 மீட்டர் வரையுள்ளது, 10 இலட்சம் கனமீட்டர் நீர் தேக்குவது போன்ற நிபந்தனைகளில் ஒன்றாவது பொருந்தினால் வரும். பத்துக்குக் கீழே? சட்டத்தின் கண்ணுக்கு அது அணையே அல்ல!

சீமைக்காரன் 66 ஆண்டு தூங்கியவன்தான். ஆனால் விழித்தபோது உயரத்தை அளக்கவில்லை, நீரை அளந்தான். இன்று இங்கிலாந்தில் 25,000 கனமீட்டர் தேக்கினாலே கண்காணிப்புக்குள் வந்தாகவேண்டும். வேல்சில் 2016 முதல் 10,000 ஆகவே குறைத்துவிட்டார்கள். ஸ்கெல்மார்லியின் ஐந்து பிணங்கள் சொல்லிக்கொடுத்த பாடம் அது. மலைச்சரிவிலே ஒன்பது மீட்டர் கரைக்கு நேர்கீழே நாற்பது குடிசை இருந்தால், அந்தக் கரை பெரிய அணையா, சிறிய அணையா? குடிசையிலே படுத்திருப்பவனைக் கேளுங்கள்.

மண் கரை காப்பது நமக்குப் புதுக்கலையும் அல்ல. உத்திரமேரூரிலே, ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பு, பராந்தக சோழன் காலத்தில், ஏரியைப் பார்த்துக்கொள்ளவென்றே ஏரி வாரியம் இருந்தது. குடவோலையிட்டு ஆண்டுக்கொருமுறை ஆட்களை மாற்றினார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது. அவனுடைய உறவினரும் நிற்க முடியாது! அந்த அவையிலே ஏர்பிடித்தவனுக்கு இடமிருந்ததா என்று கேட்டால், இல்லை. நிலமும் வேதமும் உடையவர்க்கே இடம். அந்த வேலியை நாம் போற்றவில்லை. கணக்குக் காட்டாதவனை விரட்டிய அந்த விதியை மட்டும் கடன் கேட்கிறோம்.

அடுத்த பருவமழைக்கு முன் ஒவ்வொரு மாநில ஆட்சியும் ஒரு பட்டியல் போடட்டும். பத்து மீட்டருக்குக் கீழுள்ள தேக்கங்கள் எத்தனை, எந்த ஊருக்கு மேலே, கடைசியாகக் கரையில் நடந்து பார்த்த அதிகாரி யார், எந்தத் தேதியில்? கசிகிறது என்று ஊரார் சொன்னது எத்தனை முறை, அதற்குக் கிடைத்த பதில் என்ன? இரவிலே மதகைத் திறக்கவேண்டுமானால் சாவி யாரிடம்? அந்தப் பட்டியலை ஊராட்சி அலுவலகத்துச் சுவரிலே, எழுத்துக்கூட்டிப் படிப்பவனும் படிக்கும்படி, பெரிய எழுத்திலே ஒட்டட்டும். கீழே அதிகாரியின் கையெழுத்து இருக்கட்டும்.