உறங்குபவர் அறியமாட்டார், வீட்டார் அறிவர்

 

உறக்கம் அல்லாஹ் நமக்களித்த பெரும் அருட்கொடை. இரவெல்லாம் நின்று வணங்கிவந்த தோழர் ஒருவருக்கு, உடலுக்குச் செலுத்த வேண்டிய ஹக்கை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நினைவூட்டிய செய்தியைப் பயான்களில் கேட்டிருக்கிறோம். ஆனால் ஒருவருடைய உறக்கம் கெடும்போது வீட்டில் நாம் என்ன செய்கிறோம்? சுபுஹுக்கு எழ முடியாதவரைச் சோம்பேறி என்கிறோம். வகுப்பில் தூங்கி வழியும் பிள்ளையை ஏசுகிறோம். இவர்களில் சிலருக்கு இருப்பது நோய். அதன் அடையாளங்கள் உறங்குபவருக்குத் தெரிவதில்லை, அருகில் படுத்திருப்பவருக்குத்தான் தெரியும். ஆகவே இதை வீட்டார் அனைவரும் படிக்க வேண்டுகிறோம்.

குறட்டையும் மூச்சடைப்பும்

குறட்டை விட்டால் அசந்து தூங்குகிறார் என்றே நினைக்கிறோம். சிலருக்குத் தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுகிறது. குறட்டை திடீரென நிற்கும். பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு இருக்காது. இரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். மூளை உலுக்கி எழுப்ப, திணறலுடன் மீண்டும் மூச்சு வரும். மணிக்கு 30 முறைக்கு மேல் இப்படி நிகழ்ந்தால் அது கடுமையான நிலை. காலையில் அவருக்கு எதுவும் நினைவிருக்காது. தலைவலி, வாய் வறட்சி, பகல் முழுதும் தூக்கக் கலக்கம் ஆகியவை மட்டும் மிஞ்சும்.

கவனிக்காமல் விட்டால் இரத்த அழுத்தம், இதய நோய், பக்கவாதம் ஆகியவற்றுக்கு இது வழிவகுக்கும். 2022 பிப்ரவரியில் மும்பையில் காலமான இந்தி இசையமைப்பாளர் பப்பி லஹிரிக்கு வேறு உடல்நலக் குறைவுகளும் இருந்தன. ஆயினும் அவர் இறப்புக்கு உறக்க மூச்சடைப்பே காரணம் என மருத்துவர் தெரிவித்தார்.

நம் மஹல்லாவில் ஆட்டோ, கால் டாக்சி, வேன் ஓட்டுபவர்கள் பலர் உண்டு. பல்லாவரம் துரைப்பாக்கம் ரேடியல் சாலையில் ஒரு கணம் கண் செருகினால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சிக்னலில் நிற்கும்போதே தூக்கம் வருகிறதென்றால், அந்த ஓட்டுநர் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

உடல் எடையைக் குறைப்பது நல்ல பலன் தரும். வலப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பது சுன்னத். மல்லாந்து படுப்பதைவிட ஒருக்களித்துப் படுக்கும்போது பலருக்கு அடைப்பு குறைகிறது. நோய் முற்றியவர்களுக்கு, முகமூடி வழியே காற்றைச் செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவியை மருத்துவர்கள் தருகிறார்கள்.

பிள்ளைகள்

பிள்ளை தினமும் குறட்டை விட்டாலோ, வாயைத் திறந்தபடி தூங்கினாலோ, டான்சில் அல்லது மூக்கின் பின்னுள்ள அடினாய்டு சதை வீங்கியிருக்கலாம். இத்தகைய பிள்ளைகள் பகலில் தூங்குவதைவிடத் துறுதுறுவென்று ஓடுவதும், படிப்பில் கவனம் சிதறுவதும், படுக்கையை நனைப்பதும் உண்டு. அடிக்கும் முன் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

தூங்கிய ஓரிரு மணி நேரத்தில் பிள்ளை அலறி எழுந்து, கண் திறந்திருந்தும் நம்மை அடையாளம் தெரியாமல் விழித்தால், அது பெரும்பாலும் உறக்கத் திகில். உலுக்கி எழுப்பாதீர்கள். விழுந்து அடிபடாமல் அருகில் இருங்கள், சில நிமிடங்களில் தானே அடங்கிவிடும். வளர வளர மறையும். தூக்கத்தில் நடக்கும் பிள்ளை இருந்தால் மாடிப்படிக் கதவைப் பூட்டி வையுங்கள்.

6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும், பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவதும் உறக்கம் தேவை. காலை மக்தபுக்கு எழ வேண்டிய பிள்ளையை இரவு 11 மணி வரை செல்போனோடு விட்டால் கணக்கு எப்படிச் சரியாகும்?

பேய் அமுக்குவது

விழிப்பு வந்தும் கை கால் அசையாமல், நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பது போன்ற நிலையை ஜின், பேய் என்று சொல்லி அஞ்சுகிறோம். கனவு காணும் நேரத்தில் உடல் அசையாதபடி தசைகள் செயலற்று இருப்பது இயற்கை. அது விலகும் முன்பே மனம் விழித்துக்கொண்டால் இப்படித் தோன்றும். ஓரிரு நிமிடங்களில் சரியாகிவிடும், ஆபத்தில்லை. தூக்கம் குறைந்தவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் இது அதிகம் வரும். ஓதி ஊதுவதை நாம் தடுக்கவில்லை. துஆவோடு மருத்துவமும் சேரட்டும் என்கிறோம்.

தூக்கம் வராதவர்கள்

வாரத்தில் மூன்று இரவுகள் வீதம் மூன்று மாதம் தூக்கம் கெட்டால், அது நாட்பட்ட தூக்கமின்மை. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி மாத்திரை போடாதீர்கள். அவை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதவை. சில மாத்திரைகள் பழக்கமாகி விடும், மூச்சடைப்பு உள்ளவருக்கு ஆபத்தும் ஆகும். அஸருக்குப் பின் டீ, காபியைத் தவிருங்கள். இஷாவுக்குப் பின் வீண் பேச்சை நபிகளார் (ஸல்) விரும்பவில்லை, செல்போனையும் அந்தக் கணக்கில் சேர்ப்போம். லுஹர் வேளைக் கைலூலா அரை மணிக்குள் இருக்கட்டும். இரவில் கால் குடைச்சலால் அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றினால், இரத்தத்தில் இரும்புச்சத்தைப் பரிசோதிக்க வேண்டும். பெண்கள் இதைக் கவனிக்கவும்.

வீட்டார் செய்ய வேண்டியது

சந்தேகம் இருந்தால் குறட்டையை, மூச்சு நிற்பதை அவருடைய சம்மதத்தோடு இரண்டு நிமிடம் செல்போனில் பதிவு செய்யுங்கள். எத்தனை மணிக்குப் படுத்தார், எழுந்தார் என இரண்டு வாரம் குறித்து வையுங்கள். இரண்டையும் எடுத்துக்கொண்டு, கணவருடன் மனைவியோ, வாப்பாவுடன் மகனோ மருத்துவரிடம் செல்லுங்கள். பெரியவர்களின் மூச்சுக் கோளாறுக்கு, நமக்கு அருகில் தாம்பரம் சானடோரியத்தில் 1928இல் காசநோய்க்காகத் தொடங்கப்பட்ட அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை இருக்கிறது. பிள்ளைகளுக்கு எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை உண்டு. எங்கு போவதென்று தெரியாதவர்கள் ஜும்ஆவுக்குப் பின் நம் அலுவலகத்தில் கேளுங்கள்.

நிம்மதியான உறக்கத்தையும், அதிலிருந்து எழுந்து அவனை வணங்கும் ஆரோக்கியத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக, ஆமீன்.