கட்டைவிரல் வலிக்கும் ஸ்டீராய்டைக் கூட்டலாமா? பி.எம்.ஆர். நோயாளிகளின் கை வலிக் குழப்பம்

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதுரையிலிருந்து அத்தை வீடியோ காலில் வந்தார். "குக்கர் மூடியைத் திருப்ப முடியலடா. கட்டைவிரல் பக்கம் சுள்ளுனு இழுக்குது. பழைய வியாதி திரும்ப வந்துடுச்சு போல. அதான் மாத்திரையை நானே கூட்டிக்கிட்டேன்."

கடைசி வரியைக் கேட்டதும் தூக்கிவாரிப் போட்டது. அவர் சொன்ன மாத்திரை பிரெட்னிசோலோன், அதாவது ஸ்டீராய்டு. டாக்டர் பல மாதங்களாகப் படிப்படியாக 7.5 மில்லிகிராமுக்குக் குறைத்து வைத்திருந்ததை, யாரையும் கேட்காமல் பழையபடி 15-க்கு ஏற்றிவிட்டார். மூன்று வாரமாக இப்படி ஓடுகிறது. கட்டைவிரல் வலி மட்டும் அப்படியே இருக்கிறது.

அத்தைக்கு 68 வயது. அவருக்கு இருப்பது பாலிமயால்ஜியா ருமேட்டிகா. பெயர் வாயில் நுழையாததால் வீட்டில் எல்லோரும் பி.எம்.ஆர். என்றே சொல்கிறோம். உங்கள் வீட்டிலும் 60 வயதைத் தாண்டிய ஒருவர், 'காலையில எந்திரிக்கவே முடியல, தோள் ரெண்டும் கல்லு மாதிரி இருக்கு' என்று மாதக்கணக்கில் புலம்பிக்கொண்டிருந்தால் இதை முழுசாகப் படித்துவிடுங்கள்.

பி.எம்.ஆர். என்றால் என்ன?

பெரும்பாலும் 50 வயதுக்கு மேல், அதிலும் 70-களில் உள்ளவர்களைப் பிடிக்கும் அழற்சி நோய் இது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். வட ஐரோப்பிய நாடுகளில் நிறையப் பேருக்கு வருகிறது, நம் பக்கம் குறைவு. அதனாலேயே இங்கே யாருக்கும் சட்டென்று இது நினைவுக்கு வருவதில்லை. 'ஃப்ரோசன் ஷோல்டர்', 'வயசாச்சு', 'சத்து இல்லை' என்று சுற்றிவிட்டுத்தான் இங்கே வந்து சேர்கிறார்கள். அத்தையும் தோளுக்கு இரண்டு மாதம் பிசியோதெரபி செய்து பார்த்தவர்தான்.

அடையாளங்கள் ஓரளவு தெளிவானவை. இரண்டு தோள்களிலும் வலி, பெரும்பாலும் கழுத்திலும் இடுப்பிலும் தொடையிலும்கூட. காலையில் எழுந்ததும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் இறுக்கம். தலை சீவ, ஜாக்கெட் போட, கட்டிலில் புரண்டு படுக்கக்கூட இன்னொருவர் உதவி வேண்டும். ரத்தப் பரிசோதனையில் அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் பொதுவாக எகிறியிருக்கும். ஸ்காட்லாந்து மருத்துவர் வில்லியம் புரூஸ் 1888-லேயே இதை விவரித்துவிட்டார். இப்போதுள்ள பெயரை 1957-ல் வைத்தவர் ஸ்டூவர்ட் பார்பர்.

சிகிச்சை ஸ்டீராய்டுதான். வழக்கமாக ஒரு நாளைக்கு 12.5 முதல் 25 மில்லிகிராம் வரையில் தொடங்குகிறார்கள். கேட்கும் விதமும் ஏறக்குறைய மாயாஜாலம். மாதக்கணக்கில் கையைத் தூக்க முடியாதவர்கள் சில நாள்களிலேயே எழுந்து நடமாடத் தொடங்குவார்கள். அத்தை மூன்றாம் நாளே தானே கொண்டை போட்டுக்கொண்டார்.

அவருடைய கட்டைவிரல் கதையும் அந்த மூன்றாம் நாளில்தான் தொடங்கியது என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. தோள் சரியானதும் அத்தை விட்ட வேலையை எல்லாம் ஒரே மூச்சில் பிடித்தார். தேங்காய் துருவுவது, துணி பிழிவது, போதாக்குறைக்கு ஒன்பது கிலோ பேரனை நாளுக்கு இருபது தடவை தூக்குவது. பல மாதம் ஓய்ந்து கிடந்த கைக்குத் திடீரென்று முழு நேர வேலை.

வலி எங்கே, எப்போது?

பி.எம்.ஆர். கைக்கு வராது என்று சொல்ல முடியாது. கணிசமானோருக்கு மணிக்கட்டு வீங்கும். சிலருக்குப் புறங்கை பொத்தென்று வீங்கி, அழுத்தினால் குழி விழும். மணிக்கட்டு நரம்பு அழுந்தி விரல்கள் மரத்துப்போவதும் உண்டு. ஆனால் தோளும் இடுப்பும் நன்றாக இருக்கும்போது கட்டைவிரல் மட்டும் தனியாக வலித்தால், அது பி.எம்.ஆர். வேலையாக இருக்க வாய்ப்பு குறைவு.

அத்தையை டாக்டரிடம் திரும்ப அழைத்துப் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. "வலிக்கிற இடத்தை ஒரு விரலால தொட்டுக் காட்ட முடியுமாம்மா?" அத்தை ஆள்காட்டி விரலைச் சரியாக வலது மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் எலும்பு மேட்டின் மேல் வைத்தார். தோள் வலி நாள்களில் அவர் அப்படிக் காட்டியதே இல்லை. உள்ளங்கையால் கழுத்திலிருந்து முழங்கை வரை தடவி, 'இங்க எல்லாம்' என்பார்.

அடுத்த கேள்வி நேரத்தைப் பற்றியது. பி.எம்.ஆர். வலி காலையில் மோசமாக இருக்கும், நடமாட நடமாட இளகும், இரண்டு பக்கமும் இருக்கும். தேய்மானத்தாலோ அதிக வேலையாலோ வரும் வலி அநேகமாக இதற்கு நேரெதிர். வேலை செய்யச் செய்யக் கூடும், சாயங்காலம் உச்சத்துக்குப் போகும், ஒரு கையில் அதிகமாக இருக்கும். அத்தைக்குக் காலையில் பரவாயில்லை, சமையல் முடித்ததும்தான் உயிர் போனது.

பிறகு கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெதுவாகச் சாய்க்கச் சொன்னார். அத்தை கத்திவிட்டார். சி.ஆர்.பி. இயல்பாக இருந்தது. அவர் மாத்திரையைக் கூட்டியிருந்ததால் அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது என்றார் டாக்டர். ஆனால் தோளில் ஒன்றுமில்லை, இடுப்பில் ஒன்றுமில்லை. டோஸை இரண்டு மடங்கு ஆக்கியும் விரல் அசையவில்லை என்பதே ஒரு துப்பு.

முடிவு, டி கெர்வெய்ன் பிரச்சினை. சுவிஸ் அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி கெர்வெய்ன் 1895-ல் விவரித்தது. கட்டைவிரலை விரிக்கவும் நீட்டவும் உதவும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டின் ஓரத்தில் ஒரு குறுகிய உறை வழியாகப் போகின்றன. அந்த உறை தடித்துப்போனால் ஒவ்வொரு அசைவிலும் உரசும். கைக்குழந்தைகளைத் தூக்கும் அம்மாக்களுக்கும் பாட்டிகளுக்கும் இது சகஜம். அக்குளில் கை கொடுத்து, கட்டைவிரலை 'ட' எழுத்து மாதிரி விரித்துத் தூக்குகிறோமே, மொத்த எடையும் அந்த இரண்டு நாண்களில்தான் இறங்கும்.

ஸ்டீராய்டு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே இது எப்படி வரும்? எல்லோரும் கேட்கும் கேள்வி. இதில் அழற்சியைவிட உறை தடிப்பதுதான் முக்கியம். அதனால் தினசரி விழுங்கும் சிறிய டோஸ் இதைத் தடுக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

டோஸ் குறையும்போது வெளிவரும் பழைய வலி

இன்னொரு சிக்கலும் உண்டு. கட்டைவிரல் அடிமூட்டுத் தேய்மானம் வயதான பெண்களிடம் மிகவும் பரவலானது. பாட்டில் மூடி, சாவி, சட்டை பட்டன் எல்லாமே வலிக்கும். அதிக டோஸ் ஸ்டீராய்டு இந்த வலியையும் சேர்த்து அமுக்கி வைத்திருக்கும். டோஸ் குறையக் குறைய அது மெல்லத் தலைகாட்டும். நோயாளிக்கோ பி.எம்.ஆர். திரும்பிவிட்டது போலத் தெரியும். உண்மையில் மறைந்திருந்தது வெளியே வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப்போய், எழுந்து கையை உதறினால் சரியாகிறதா? சுண்டுவிரல் மட்டும் தப்பிக்கிறதா? அப்படியானால் மணிக்கட்டு நரம்பு அழுந்தியிருக்கலாம். மடக்கிய கட்டைவிரல் 'டக்' என்று மாட்டிக்கொண்டால் அது வேறு கதை, ட்ரிக்கர் தம்ப். திடீரென்று மணிக்கட்டு சிவந்து, சூடாகி, காய்ச்சலும் இருந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்குத் தொற்று எளிதில் வரும். கீழே விழுந்து கையை ஊன்றிய பிறகு வலி என்றால் எக்ஸ்-ரே அவசியம், இந்த மாத்திரை எலும்பையும் மெலிய வைக்கும்.

இரண்டு கைகளிலும் விரல் முட்டிகள் வீங்கி, காலையில் மடக்கவே முடியவில்லை என்றால் டாக்டர் முதல் முடிவையே மறுபடி சரிபார்ப்பார். முதுமையில் தொடங்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் ஆரம்பத்தில் அச்சு அசல் பி.எம்.ஆர். போலவே நடிக்கும். அதற்கான மருந்துகள் வேறு. எனவே கை வலியை ருமட்டாலஜிஸ்டிடம் சொல்லாமல் மறைப்பதும் தப்பு, தானே வைத்தியம் பார்ப்பதும் தப்பு.

அத்தை செய்த தப்புக்கு விலை இருந்தது. அவருக்கு ஏற்கெனவே சர்க்கரை. அந்த மூன்று வாரத்தில் சாப்பாட்டுக்குப் பிந்தைய அளவு 300-ஐத் தாண்டியிருந்தது. அதைவிடப் பயம், விஷயம் தெரிந்ததும் மாமா சொன்ன யோசனை: "அப்ப நாளையிலேருந்து மாத்திரையே வேணாம், நிறுத்திடு." மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுக்கும் உடம்பில் அட்ரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கும். மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் சொல்லித்தான்.

மெடிக்கல் ஷாப்பில் 'கை வலிக்கு ஏதாவது குடுங்க' என்று கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளும் ஸ்டீராய்டோடு சேர்ந்தால் வயிற்றுப் புண், ரத்தக் கசிவு வரை கொண்டுபோகும். வலிநிவாரணி ஜெல் ஓரளவு பாதுகாப்பானது, அதையும் கேட்டுவிட்டுத் தடவலாம்.

கைக்கு என்ன செய்தோம்?

கட்டைவிரலையும் மணிக்கட்டையும் சேர்த்துப் பிடிக்கும் ஸ்பிளின்ட் ஒன்று கொடுத்தார்கள். மணிக்கட்டை மட்டும் சுற்றும் சாதாரண பேண்ட் இதற்குப் போதாது, கட்டைவிரல் ஆடிக்கொண்டேதான் இருக்கும். சில வாரம் போட்டும் கேட்காவிட்டால் அந்த உறைக்குள் ஒரு ஸ்டீராய்டு ஊசி போடலாம், பலருக்குப் பலன் தரும் என்றார் டாக்டர். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஊசி போட்ட சில நாள்கள் அளவு ஏறும், கவனிக்க வேண்டும். அத்தைக்கு ஊசி தேவைப்படவில்லை.

உண்மையில் பெரிய வித்தியாசம் சமையலறையில்தான் வந்தது. தேங்காயைத் துருவாமல் சில்லு போட்டு மிக்ஸியில் அடிக்கிறார். துணியைப் பிழியாமல் மெஷினில் சுற்றவிடுகிறார். கடாயை ஒரு கையால் காதைப் பிடித்துத் தூக்காமல், இரண்டு கைகளிலும் துணி வைத்து உள்ளங்கையில் ஏந்துகிறார். கத்திப் பிடியிலும் கரண்டிக் காம்பிலும் பழைய துணியைச் சுற்றித் தடிமனாக்கினோம், இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லை. காய்கறிப் பை முழங்கையில் தொங்குகிறது, அதுவும் பாதி எடைதான். தோளையும் காப்பாற்ற வேண்டுமே. பேரன் முதலில் சோபாவில் ஏறி நிற்கிறான், அத்தை உட்கார்ந்தபடி முன்கையால் அணைத்து மடிக்கு இழுத்துக்கொள்கிறார். தூக்குவது நின்றுபோனதில் அவருக்கு வருத்தம்தான்.

அப்புறம் போன். இதை ஒரு கையில் பிடித்துக்கொண்டு அதே கையின் கட்டைவிரலால் ஸ்க்ரோல் செய்துகொண்டிருக்கும் உங்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். போனை மேஜையில் வையுங்கள், ஆள்காட்டி விரலால் தட்டுங்கள்.

கடைசியாக, கைக்குச் சம்பந்தமில்லாத ஆனால் விடக்கூடாத ஒன்று. பி.எம்.ஆர். உள்ளவர்களில் சிலருக்குத் தலை ரத்தக்குழாய்களில் அழற்சி வரலாம். புதிதாகத் தலைவலி, சீப்பு பட்டாலே உச்சந்தலை வலிப்பது, மெல்லும்போது தாடை வலி, பார்வை மங்குவது அல்லது இரண்டாகத் தெரிவது. இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. தாமதித்தால் போன பார்வை திரும்பாது.

ஒரு பழைய பள்ளிக்கூட நோட்டில் அத்தை இப்போது வலிக் கணக்கு எழுதுகிறார். எந்த இடம், எத்தனை மணி, அதற்கு முன் என்ன வேலை. 'வலது கை, சாயங்காலம் 6, முறுக்கு பிழிஞ்சேன்' என்று ஒரு வரி. அதைப் பார்த்து டாக்டர் சிரித்தாராம். டோஸ் திரும்ப 10-க்கு வந்திருக்கிறது, சி.ஆர்.பி. ஏறவில்லை என்றால் அடுத்த மாதம் இன்னும் குறையும். அவரிடமிருந்து எனக்கு இப்போது மெசேஜ் எதுவும் டைப் ஆகி வருவதில்லை, வாய்ஸ் நோட்தான். நேற்று வந்தது நாலு நிமிஷம். அதில் மூன்றரை நிமிஷம், குக்கர் மூடியை மாமா எப்படித் தப்பாகப் போடுகிறார் என்பது பற்றி.