பழைய எண்ணெய்க்கு ஒரு நல்ல வழி

1900-ம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் இன்ஜின் கடலை எண்ணெயில் ஓடியது. ருடால்ஃப் டீசலே பின்னாளில் இதை எழுதியிருக்கிறார். அப்படியானால் எண்ணெயை நேரே டேங்கில் ஊற்றி ஓட்டலாமே என்று தோன்றும். ஓட்டக் கூடாது. தாவர எண்ணெய்க்கு டீசலைவிடச் சுமார் பத்து மடங்கு பிசுபிசுப்பு. இன்ஜெக்டரின் நுண்துளையில் அது பனிபோலச் சிதறாமல் பெருந்துளிகளாக விழும். அரைகுறையாக எரிந்து துளை வாயில் கரியாக அப்பும். பிஸ்டன் ரிங்குகளை ஒட்டவைக்கும். மிச்சம் இன்ஜின் ஆயிலில் இறங்கி அதையும் கெட்டியாக்கும். டீசலோடு கலந்து ஊற்றினால் இந்தச் சேதம் தள்ளிப்போகலாம், நின்றுவிடாது. அதே எண்ணெயில் மெத்தனாலும் சிறிது காஸ்டிக் சோடாவும் சேர்த்துச் சூடாக்கிக் கலக்கினால் கதை வேறு. கனமான கிளிசரின் அடியில் தங்க, மேலே தெளிந்து நிற்பதுதான் பயோடீசல். அதன் பிசுபிசுப்பு டீசலை நெருங்கிவிடுகிறது.

ஆக, தொழில்நுட்பத்தில் சிக்கல் இல்லை. எந்த எண்ணெயை எடுப்பது என்பதில்தான் நாம் தடுமாறினோம். தரிசில் காட்டாமணக்கு நட்டால் போதும் என்று நம்பினோம். 2017-க்குள் 20 சதவீதக் கலப்பு என்று 2009-ம் ஆண்டின் இந்தியத் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை இலக்கு வைத்தது; அது கைகூடவில்லை. தண்ணீர் இல்லாமல் அந்தச் செடி உயிரோடு இருக்கும், ஆனால் போதிய விதை தராது. இந்தோனேசியா பாமாயில் பயோடீசலைக் கலக்கிறதே என்பார்கள். உலகிலேயே அதிகமாகப் பாமாயில் எடுக்கும் நாடு அது. சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்யும் நாம் புது எண்ணெயை எரிப்பது நியாயமே இல்லை.

நமக்குப் பொருந்துவது பொரித்து மிஞ்சிய எண்ணெய். அதில் அமிலமும் நீரும் அதிகம், காஸ்டிக் சோடா பட்டால் சோப்பாகிவிடும் என்பது உண்மையான ஆட்சேபம்தான். நீரை நீக்கி, முதலில் அமில வினையால் பக்குவப்படுத்தினால் அது தீரும். அளவு போதாது என்பதும் சரியே. இது டீசலுக்கு மாற்று ஆகாது. 2018-ம் ஆண்டின் உயிரி எரிபொருள் கொள்கையே 2030-க்குள் 5 சதவீதக் கலப்பைத்தான் கேட்கிறது. ஆனால் இதில் இன்னொரு லாபமும் உண்டு. எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது உருவாகும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் சமைக்கக் கூடாது என்பது 2018 முதல் விதி. அப்படிக் கழித்த எண்ணெய் மலிவு விலையில் வேறொரு கடை வாணலிக்குப் போவதைத் தடுக்க, அதைவிட நல்ல விலை கொடுத்து வாங்க ஆள் வேண்டும். அந்த விலையை உறுதிசெய்வது அரசின் வேலை. பழைய எண்ணெயை உரிமம் பெற்ற சேகரிப்பாளரிடம் மட்டுமே கொடுங்கள் என்பது ஓட்டல்காரர்களுக்கு நம் வேண்டுகோள்.