மந்திரிக்கு வியர்க்கும் ஒரு மணி நேரம்... தெரியுமா?

மக்களவை. காலை 11 மணி. எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் எழுந்து, கேள்வியின் எண்ணை மட்டும் சொல்கிறார். மந்திரி எழுந்து, "அறிக்கை அவையின் மேசையில் வைக்கப்பட்டுள்ளது" என்கிறார். முடிந்தது! கேள்வியையும் யாரும் படிக்கவில்லை, பதிலையும் யாரும் படிக்கவில்லை. இதற்கா 'கேள்வி நேரம்' என்று பெயர் என்று நினைக்கிறீர்களா? பொறுங்கள், ஆட்டமே இனிமேல்தான்!

அந்த முதல் கேள்வி குறைந்தது 15 நாட்களுக்கு முன்பே, 150 சொற்களுக்குள், எழுத்தில் போய்விட்ட ஒன்று. அதற்கான பதிலை அமைச்சகம் பக்குவமாகச் செதுக்கி வைத்திருக்கும். ஆனால், கேட்டவருக்கு அதைத் தொடர்ந்து இரண்டு துணைக் கேள்விகள் கேட்க உரிமை உண்டு. அவை என்னவென்று மந்திரிக்கு முன்கூட்டித் தெரியாது! எதிர்க்கட்சிக்காரர் காத்திருப்பது இந்த நிமிடத்துக்காகத்தான். இதை எப்படிக் கேட்பார், அதை எப்படி மடக்குவார் என்று யூகித்து யூகித்து அதிகாரிகள் ஒரு தடித்த கோப்பே தயாரித்துக் கொடுத்திருப்பார்கள். அதிலும் இல்லாத கேள்வி வந்துவிட்டால்? அதிகாரிகளுக்கான மாடத்திலிருந்து துண்டுச் சீட்டு பறந்து வரும். மந்திரி பேச்சை இழுத்துக்கொண்டே ஓரக்கண்ணால் அந்தச் சீட்டைப் பார்க்கும் அழகு இருக்கிறதே, அடடா!

யாருடைய கேள்வி முதலில் என்பதை முடிவு செய்வது எது தெரியுமா? குலுக்கல்! ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற பேதமே கிடையாது. பிரிட்டனில் புதன்கிழமை தோறும் பிரதமரை மடக்க, எதிர்க்கட்சித் தலைவருக்கு ஆறு கேள்விகள் உறுதி. நம் ஊரில் எதிர்க்கட்சித் தலைவருக்கு அப்படித் தனி ஒதுக்கீடு எதுவும் இல்லை. சீட்டு விழுந்தால்தான் உண்டு. என்னைக் கேட்டால், இது கொஞ்சம் அநியாயம்தான்.

வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள், நட்சத்திரக் குறியிட்டவை. மக்களவையில் நாளொன்றுக்கு 20. குறி இல்லாதவை 230. அவற்றுக்கு எழுத்தில் மட்டும் பதில். அந்த இருபதும் தினமும் முடிந்துவிடும் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள்! நாலைந்து முடிந்தாலே பெரிய விஷயம். 2019 நவம்பர் 27 அன்று இருபதும் எடுத்துக்கொள்ளப்பட்டபோது, அது செய்தியாகவே வந்தது. அதற்கு முன் அப்படி நடந்தது 1972-இல்!

சரி, இந்த மண்ணில் சட்டமன்றக் கேள்வி என்ற ஒன்று பிறந்தது எப்போது? 1892-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உரிமையைக் கொடுத்தது. மறு வருடம் பிப்ரவரியில் பிங்கா சமஸ்தானத்து ராஜா முதல் கேள்வியைக் கேட்டார். எதைப் பற்றி? சுற்றுப்பயணம் வரும் வெள்ளைக்கார அதிகாரிகளின் முகாமுக்குச் சாமான்கள் கொடுத்தே நொந்துபோகும் கடைக்காரர்களின் கஷ்டத்தைப் பற்றி! கேட்டவர் ராஜா, கேட்டதோ மளிகைக் கடைக்காரருக்காக. துணைக் கேள்விக்கு மட்டும் அப்போது அனுமதி இல்லை. 1909-இல்தான் அது கிடைத்தது, அதுவும் முதலில் கேட்டவருக்கு மட்டும். துணைக் கேள்வியின் வலிமை வெள்ளைக்காரனுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது!

இப்போது பெரிய கதைக்கு வருவோம். 1957. ஆயுள் காப்பீட்டுத் தொழில் நாட்டுடைமையாகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. ஹரிதாஸ் முந்த்ரா என்ற கொல்கத்தா தொழிலதிபரின் கம்பெனிப் பங்குகளை எல்.ஐ.சி. ஒரு கோடிக்கும் மேல் கொடுத்து வாங்கியது. அந்தக் காலத்து ஒரு கோடி! செப்டம்பரில் ராம் சுபக் சிங் மக்களவையில் இதைக் கேள்வியாகக் கேட்டார். அரசுத் தரப்பு மழுப்பியது. கேள்வியை விட்டார்களா? டிசம்பர் 16 அன்று ஃபெரோஸ் காந்தி எழுந்து, கையில் ஆவணங்களோடு புட்டுப் புட்டு வைத்தார். நீதிபதி சாக்ளா தலைமையில் விசாரணை. வெளியே கூடிய கூட்டத்துக்காக ஒலிபெருக்கி கட்டி நடந்த பகிரங்க விசாரணை அது! 1958 பிப்ரவரியில், நம் சென்னைக்காரரான நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.

இதில் பெரிய வேடிக்கை என்ன தெரியுமா? கேட்ட இருவருமே ஆளும் காங்கிரஸ்காரர்கள்! ஃபெரோஸ் காந்தி, பிரதமர் நேருவின் சொந்த மருமகன் வேறு. எதிர்க்கட்சி செய்ய வேண்டிய வேலையை வீட்டு மாப்பிள்ளை செய்து முடித்தார்.

எதிர்க்கட்சிக்காரர்கள் சும்மா இருந்தார்களா என்றால், அதுவும் இல்லை. 1963-இல் இடைத்தேர்தலில் ஜெயித்து உள்ளே வந்த ராம் மனோகர் லோகியா, வந்த வேகத்தில் ஒரு கணக்கைப் போட்டார்: இந்த நாட்டில் 27 கோடிப் பேர் நாளுக்கு மூன்றணாவில் வாழ்கிறார்கள், பிரதமருக்கு ஆகும் செலவோ நாளுக்கு 25,000 ரூபாய்! அவை அதிர்ந்தது. நேரு பதினைந்தணா என்றார். திட்ட அமைச்சர் நந்தா ஏழரையணா என்றார். அரசாங்கத்துக்குள்ளேயே இரண்டு கணக்கு! 'மூன்றணா விவாதம்' என்று பெயர் வாங்கிவிட்டது அது.

மானம் போன கதையும் உண்டு. 2005-இல், கேள்வி கேட்கக் காசு வாங்கும் எம்.பி.க்களை ரகசியக் கேமராவில் பிடித்தார்கள் பத்திரிகையாளர்கள். ஒரு டுபாக்கூர் சங்கத்தின் பெயரில் போய், அவர்கள் எழுதிக் கொடுத்த கேள்விகளில் ஒன்று என்ன தெரியுமா? ஜெர்மனியிலிருந்து 'யோசேரியன் எலெக்ட்ரோ டீசல்' இன்ஜின் வாங்க ரயில்வே ஆர்டர் கொடுத்திருக்கிறதா என்று! யோசேரியன் இன்ஜின் அல்ல, 'கேட்ச்-22' நாவலின் கதாநாயகன்! ஒளிபரப்பு டிசம்பர் 12. பதினோராம் நாளே பதினோரு பேரின் பதவி பறிபோனது. மக்களவையில் பத்துப் பேர், மாநிலங்களவையில் ஒருவர். கட்சி பேதம் இதிலும் இல்லை!

கடைசியாக ஒன்று. பதில் தெரியாத மந்திரி, "தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் தாக்கல் செய்யப்படும்" என்று சொல்லித் தப்பிக்கிறார் இல்லையா? தப்பவே முடியாது! அந்த வாக்கியம் அதிகாரபூர்வ வாக்குறுதியாகப் பதிவாகிவிடும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்றியாக வேண்டும். இதைக் கண்காணிக்கவே 1953-இலிருந்து மக்களவையில் ஒரு குழு இருக்கிறது. பழைய மக்களவைகளில் கொடுத்த வாக்குறுதிகளைக்கூடத் தோண்டி எடுத்து, என்ன ஆயிற்று என்று அமைச்சகத்தைக் கூப்பிட்டுக் கேட்கும். அன்று எதிர்வரிசையிலிருந்து கேட்டவர், தேர்தல் முடிந்து அதே துறைக்கு மந்திரியாக வந்தால்? தன் கேள்விக்குத் தானே தகவல் திரட்ட வேண்டியதுதான்!